சீமைக் கருவேலும் சான்றுத் திரட்டும்

நுழையும்முன்

ஒரு மரத்தை அகற்றலாமா, விட்டுவிடலாமா என்னும் வினா எளிதாகத் தோன்றும். அம்மரம் ஒரு வட்டாரத்தின் நீரையும் அடுப்பையும் கூலியையும் ஒருசேரத் தொட்டு நிற்குமானால் விடை எளிதன்று. அத்தகைய வினாக்களுக்கு முடிவு காணுமுன், அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளையெல்லாம் ஒழுங்குடன் திரட்டி எடைபோடும் முறையொன்று மருத்துவத்தில் தோன்றிச் சுற்றுச்சூழல் துறைக்கும் பரவியுள்ளது. அம்முறையை அருப்புக்கோட்டை, திருச்சுழி வறள்நிலத்தின் வழியே அறிமுகம் செய்கிறது இப்பாடம்.

வந்தேறிய மரம்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் உள்ளன. பெரும்பாலும் கரிசல் நிலம். மழையை நம்பிய வேளாண்மை. பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய் ஆகியவை இம்மண்ணின் விளைபொருள்கள். குண்டாறு திருச்சுழியை ஒட்டி ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிட, வடகிழக்குப் பருவமழை பெய்தால் சில நாள்கள் ஓடும் என்பதே பொருந்தும். அந்நீரைக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் தேக்கி, ஆண்டின் எஞ்சிய மாதங்களைக் கடத்துவது இங்குள்ளோர் வழிவழியாகக் கண்ட வாழ்முறை.

இன்று அக்கண்மாய்களின் உட்பரப்பிலும் வரத்துக்கால்களிலும் தரிசு நிலங்களிலும் அடர்ந்து நிற்பது சீமைக் கருவேல மரம். வேலிக்காத்தான், வேலிக்கருவை என்றும் இதனை வழங்குவர். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநிலப் பகுதி. 1877ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து பெற்ற விதைகள் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டன. விறகுப் பற்றாக்குறையைத் தீர்ப்பதும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்குவதும் அம்முயற்சியின் நோக்கங்கள். அந்நோக்கங்கள் நிறைவேறின என்பதை மறுக்க இயலாது. எந்த மண்ணிலும் வளர்ந்தது. வெட்ட வெட்டத் துளிர்த்தது. முள் இருந்ததால் வேலியாயிற்று. இதன் இனிப்பான நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்றன. செரிக்காத விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் ஊரெங்கும் பரவின.

மழை பொய்த்த ஆண்டுகளில் இம்மரமே பலருக்குக் கஞ்சி வார்த்தது. திருச்சுழி வட்டாரத்திலும் அதனை அடுத்த கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதிகளிலும் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரியாக்கும் தொழில் நெடுங்காலமாக நிகழ்கிறது. நிலமற்ற குடும்பங்கள் பல இதனால் பிழைக்கின்றன. கண்மாய்க் கருவை ஏலம் ஊர்களுக்கும் ஒரு வருவாய். பழி சுமந்த மரம்தான். எனினும் அதன் நிழலில் சமைத்து உண்டவர் ஏராளம்.

ஒரே ஆண்டில் இரு ஆணைகள்

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தென் மாவட்டங்களில் சீமைக் கருவேல மரங்களை விரைந்து அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. கடும் வறட்சி நிலவிய காலம் அது. ஊர்தோறும் இயந்திரங்கள் வந்தன. மாணவர்களும் இளைஞர்களும் அரிவாளுடன் இறங்கினர். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையிலுள்ள முதன்மை அமர்வு அப்பணிக்கு இடைக்காலத் தடை விதித்து, இம்மரத்தால் விளையும் தீங்கு குறித்து அறிவியல் அடிப்படையிலான கருத்தை நாடியது. பின்னர் வல்லுநர் குழுவின் கருத்து பெறப்பட்டுத் தடை விலக்கப்பட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு, ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

இரு ஆணைகளுக்கும் இடைப்பட்ட சில மாதங்களில் இம்மரத்தைப் பற்றி உலவிய கூற்றுகள் பல. நிலத்தடி நீரை முழுவதும் உறிஞ்சிவிடும். காற்றின் ஈரத்தையும் இழுத்து மழையைத் தடுக்கும். இதில் பறவை கூடு கட்டாது. இதன் நெற்றைத் தின்ற கால்நடை மலடாகும் என்றெல்லாம் கூறப்பட்டன. இவற்றுள் எது மெய், எது மிகை, எது கற்பனை? ‘ஆய்வு சொல்கிறது’ என்று எல்லாத் தரப்பினரும் கூறினர். எந்த ஆய்வு, எங்கே, எப்படி நிகழ்ந்தது என்று கேட்டவர் சிலரே.

ஓர் ஆய்வு போதாதா?

போதாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. அது மரத்தைப் பற்றியதன்று. குழந்தைகளின் உயிரைப் பற்றியது.

வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் நோய் வரும், பார்வை பறிபோகும் என்பது முன்பே அறிந்தது. அக்குறைபாட்டை நீக்கினால் குழந்தை இறப்பும் குறையுமா என்னும் வினா 1980களில் எழுந்தது. இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில் நிகழ்ந்து 1986இல் வெளியான ஆய்வு, குறையும் என்றது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஓராண்டுக் காலம் நடத்திய சோதனையின் முடிவு 1990இல் வெளியாயிற்று. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. அதே 1990ஆம் ஆண்டில் ஐதராபாத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் நிகழ்ந்த மற்றோர் ஆய்வும் வெளிவந்தது. அங்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை பெரிய அளவில் மருந்து தரப்பட்டது. இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

நலத்துறை அலுவலர் ஒருவர் திருச்சி ஆய்வை மட்டும் படித்திருந்தால் உடனே திட்டத்தைத் தொடங்கியிருப்பார். ஐதராபாத் ஆய்வை மட்டும் படித்தவர் கோப்பை மூடி வைத்திருப்பார். இருவரும் நேர்மையாளரே, இருவர் கையிலும் தரமான ஆய்வே இருந்தது. பல நாடுகளின் சோதனைகளையும் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வுகள் 1993இல் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று இறப்புக் குறைவு ஏறத்தாழ 23 விழுக்காடு என்று மதிப்பிட்டது. ஆறு திங்களுக்கு ஒருமுறை வைட்டமின் ஏ வழங்கும் திட்டங்கள் உலகெங்கும் உறுதிபெற்றமைக்கு இத்தகைய தொகுப்புகளே துணைநின்றன.

கதை அத்துடன் முடியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் குழந்தைகளை உள்ளடக்கிய மாபெரும் சோதனையின் முடிவு 2013இல் வெளியானபோது, இறப்புக் குறைவு வெறும் 4 விழுக்காடு என்றும், அதுவும் தற்செயலாக இருக்கக்கூடும் என்றும் தெரிந்தது. அதனை முந்தைய சோதனைகளுடன் சேர்த்தபோது மதிப்பீடு 11 விழுக்காடாக இறங்கியது. பயன் உண்டு என்பது மாறவில்லை. எவ்வளவு பயன் என்பது மாறிற்று. அரசுகள் தம் செலவுத் திட்டங்களை வகுக்க வேண்டுவது இந்த ‘எவ்வளவு’ என்பதையே.

பிறந்த ஓரிரு நாளிலேயே வைட்டமின் ஏ கொடுத்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் இதனைச் சோதித்தனர். இறப்பு ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்ததாக 2003இல் அறிவித்தனர். நம் மண்ணில் கிடைத்த இம்முடிவு பெருமிதம் தந்தது இயல்பே. ஆயினும் பிற நாட்டு ஆய்வுகள் அதற்கு ஒத்துவரவில்லை. சான்றுகளைத் திரட்டிப் பார்த்த உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் பச்சிளங்குழந்தைகளுக்கு இதனைப் பரிந்துரைக்க மறுத்தது. பின்னர் கானா, தான்சானியா நாடுகளில் நிகழ்ந்த பெரிய சோதனைகளிலும் பயன் தென்படவில்லை.

முறையின் பிறப்பு

சான்றுகளைத் திரட்டாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு மேலைநாட்டு நிகழ்வொன்று உண்டு. குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டுமென அங்குள்ள மருத்துவ நூல்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அறிவுறுத்தின. அவ்வாறு படுக்க வைப்பது உறக்கத்தில் திடீரென நேரும் இறப்பை மிகுவிக்கிறது என்னும் சான்று 1970 அளவிலேயே பல ஆய்வுகளில் சிதறிக் கிடந்தது. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர் எவருமில்லை. அப்போதே திரட்டியிருந்தால் பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காத்திருக்கலாம் என்று 2005இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இல்லாத அறிவால் நேர்ந்த இழப்பு அன்று. இருந்த அறிவைத் தொகுக்காததால் நேர்ந்தது.

இக்குறையைச் சுட்டிக்காட்டியவர் ஆர்ச்சி காக்ரேன் என்னும் பிரிட்டன் மருத்துவர். ஒவ்வொரு மருத்துவத் துறையும் தன் சோதனைகளையெல்லாம் தொகுத்து, காலந்தோறும் புதுப்பித்து வைக்கத் தவறியது பெருங்குறை என்று அவர் 1979இல் எழுதினார். அவர் பெயரால் 1993இல் தொடங்கப்பட்ட அமைப்பு இன்று உலகெங்கும் இப்பணியைச் செய்கிறது. தெற்காசியாவுக்கான அதன் மையம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அமைந்தது. 2000க்குப் பின் சுற்றுச்சூழல் அறிஞரும் இம்முறையைத் தழுவிக்கொண்டனர்.

இதற்கு முறைசார் சான்றாய்வு என்று பெயரிடலாம். வழக்கமான நூலாய்வில் அறிஞர் தாம் படித்தவற்றைத் தம் நோக்கில் தொகுத்துரைப்பார். அவருக்குப் பிடித்தவை முன்னிற்கும், பிடிக்காதவை விடுபடும். முறைசார் சான்றாய்விலோ தேடத் தொடங்குமுன்பே வினாவும் விதிகளும் எழுதி வெளியிடப்படும். எவ்வகை ஆய்வைச் சேர்ப்பது, எதனைத் தள்ளுவது என்பது முடிவு தெரியும் முன்னரே உறுதியாகிவிடுவதால், பிறகு வசதிக்கேற்ப மாற்ற இயலாது. அச்சில் வந்தவற்றோடு, வெளிவராத அறிக்கைகளையும் தேடுவர். ஏனெனில் ‘பயன் உண்டு’ என்னும் முடிவு எளிதில் அச்சேறும்; ‘வேறுபாடு இல்லை’ என்னும் முடிவு மேசை அறையில் தங்கிவிடும். ஒவ்வோர் ஆய்வையும் குறைந்தது இருவர் தனித்தனியே மதிப்பிடுவர். கருத்து வேறுபட்டால் கலந்து தீர்ப்பர். ஒத்த ஆய்வுகளின் எண்களைக் கணித முறையில் சேர்க்கும்போது, பெரிய ஆய்வுக்கு மிகுந்த எடையும் சிறியதற்குக் குறைந்த எடையும் கிடைக்கும். ஒவ்வாதவற்றை வலிந்து சேர்ப்பதில்லை. சந்தையில் பல மூட்டை மிளகாய்க்கு விலை வைக்கும் வணிகர் ஒரு மூட்டையின் மேற்பகுதியை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் அடிவரை கைவிட்டுப் பார்ப்பார். ஏறத்தாழ அதே விழிப்புணர்வு இது.

மீண்டும் கருவேலிடம்

‘சீமைக் கருவேல் நல்லதா, கெட்டதா?’ என்பது முறைசார் சான்றாய்வுக்கு ஏற்ற வினா அன்று. அதனைப் பிரித்துக் கேட்க வேண்டும். எந்த நிலத்தில், எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவை, எவ்வளவு காலம் அளப்பது என்பவை தெளிவானால்தான் சான்றைத் தேடவே இயலும்.

நீரை எடுத்துக்கொள்வோம். இப்பேரினத்து மரமொன்றின் வேர் அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. அந்த ஒற்றை அளவை, நம் ஊரின் ஒவ்வொரு கருவைக்கும் உரியதுபோல் எடுத்துரைப்பது பொருந்தாது. இதனினும் பயனுள்ள சான்று எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலிருந்து கிடைக்கிறது. அங்கு மரத்தண்டில் ஏறும் நீரைக் கருவி பொருத்தி அளந்தனர். ஒரு மரம் நாளொன்றுக்கு எடுக்கும் நீர் சராசரியாகச் சில லிட்டர்களே. ஆனால் பரந்த நிலப்பரப்பில் நெருங்கி வளர்ந்த மரங்களையெல்லாம் கணக்கிட்டபோது ஆண்டுக்கு 300 கோடி கன மீட்டருக்கு மேல் ஆயிற்று என்று 2021இல் அறிவித்தனர். தனிமரம் குடிப்பது கொஞ்சம். அடர்ந்த காடு குடிப்பது மிகுதி. வேலியோரத்து ஒரு மரத்துக்கும் கண்மாய் முழுதும் நிறைந்த புதருக்கும் ஒரே தீர்ப்பு வழங்கலாகாது என்பது இதனால் விளங்கும். அஃபாரின் ஆற்றுப்படுகை வேறு, அருப்புக்கோட்டையின் கரிசல் வேறு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மழையைத் தடுக்கும் என்னும் கூற்றுக்கு அத்தகைய அளவீடு எதுவும் துணையில்லை. மரங்கள் பொதுவாக வேர்வழி உறிஞ்சிய நீரை இலைவழி ஆவியாக வெளியிடுபவை. இவ்வட்டாரத்தின் மழை, வங்கக் கடலில் தோன்றும் தாழ்வு நிலைகளைப் பொறுத்தது. வேலியில் நிற்கும் மரம் அவற்றை மறிப்பதில்லை.

பறவை பற்றிய கூற்று சுவையானது. அண்டையிலுள்ள சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் நீர்ப்பறவைகள் இம்மரத்தில் கூடு கட்டுகின்றன; ஆகவே ‘கட்டாது’ என்பது தவறு. ஆனால் அங்கு நிகழ்ந்த ஆய்வு, நாட்டு மரங்களில் உள்ளவற்றைவிட இம்மரத்துக் கூடுகளிலிருந்து முட்டையும் குஞ்சும் தவறி விழுவது மிகுதி என்று கண்டது. கிளைகளின் அமைப்பே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஊரார் கூற்றின் சொல் பிழை. அதன் உள்ளே இருந்த கவலை பிழையன்று. கால்நடை மலடாகும் என்பதற்கும் இவ்வாறே விடை அமைகிறது. பிரேசில் நாட்டில் இந்நெற்றையே நெடுநாள் மிகுதியாகத் தின்ற மாடுகளுக்குத் தாடைத் தசை தளர்ந்து முகம் கோணும் நோய் கண்டறியப்பட்டுள்ளது. அது நரம்பு தொடர்பான நோய், மலட்டுத்தன்மை அன்று.

மனிதர் நலத்துக்கும் இம்மரத்துக்கும் தொடர்புண்டா? மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு ஊர்களில் இதன் பூங்கிளைகளை அகற்றியபோது, மலேரியாவைப் பரப்பும் கொசுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 69 விழுக்காடு குறைந்தது என 2017இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பூவின் தேனே கொசுக்களுக்கு உணவு. அது மறைந்தால் அவற்றின் ஆயுளும் குன்றும். வியப்பூட்டும் முடிவுதான். எனினும் ஆராயப்பட்டவை ஒன்பது ஊர்களே. அங்குள்ள கொசு இனங்களும் நம் ஊர்களின் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகும் இனங்களும் வேறு. இதனை மேலும் ஆராயத் தூண்டும் சான்றாகக் கொள்ளலாம். இதை மட்டுமே நம்பி நம் ஊர் மரங்களை வெட்ட ஆணையிட இயலாது.

> தெரிந்து தெளிவோம்
> கருவேல விறகு எரியும் அடுப்பின் புகை, தாய்க்கும் குழந்தைக்கும் தீங்கு என்பதைப் பல கூர்நோக்கு ஆய்வுகள் சுட்டின. விறகுக்கு மாற்றாக எரிவாயு வழங்கினால் குழந்தையின் பிறப்பு எடை கூடுமா எனத் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்கள் உட்பட நான்கு நாடுகளில், ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்களிடம் சோதித்தனர். அவர்கள் சுவாசித்த புகைத்துகள் வெகுவாகக் குறைந்தது. பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. புகையால் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் நேரும் தீங்கு பற்றிய சான்றுகளை இம்முடிவு நீக்கிவிடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட வினாவுக்கு மட்டுமே இது விடை.

வெட்டிய பின்

அகற்றுவது எனத் துணிந்தாலும் எவ்வாறு அகற்றுவது என்பதற்கும் சான்று வேண்டும். தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டை பன்மடங்காகத் துளிர்க்கும். வேரோடு பெயர்த்தாலும் மண்ணில் பல்லாண்டு உறங்கும் விதைகள் அடுத்த மழையில் முளைக்கும். தென்னாப்பிரிக்கா இம்மரத்தின் பயனை இழக்க மனமின்றி, விதையை மட்டும் தின்னும் வண்டினத்தை 1987இல் கொண்டுவந்து விட்டது. மரத்தின் பரவல் நிற்கவில்லை. எந்த நாட்டின் பட்டறிவைப் பார்த்தாலும், அகற்றிய நிலத்தில் உடனே வேறொன்றை வளர்த்து, ஆண்டுதோறும் முளைகளைப் பிடுங்கும் இடங்களிலேயே ஓரளவு பயன் தெரிகிறது. ஒருமுறை இயந்திரம் வந்து சென்றதோடு பணி முடிந்ததாகக் கணக்கெழுதுவது வீண்செலவு.

கரிமூட்டத் தொழிலாளர் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். முறைசார் சான்றாய்வில் எந்த விளைவுகளை அளப்பது என்று முதலில் தீர்மானிப்பவர் யார் என்பது பெரிய வினா. நீர்மட்டத்தை மட்டும் அளந்தால் ஒரு விடை வரும். குடும்பத்தின் ஆண்டு வருவாயையும், அடுப்பெரிக்க விறகு தேடி நடக்கும் தொலைவையும் சேர்த்து அளந்தால் வேறு விடை வரக்கூடும். மருத்துவத் துறை நோயாளரையும் உடனமர்த்தி வினாவை வகுக்கக் கற்றுக்கொண்டது. இங்கும் மூட்டம் போடுவோர், ஆடு மேய்ப்போர், கண்மாய்ப் பாசனத்தார் ஆகியோரை வினா வகுக்கும் நாளிலேயே அழைக்கலாம்.

திருச்சுழி வட்டாரமே இதற்கொரு நல்ல ஆய்வுக்களம். ஒத்த பரப்பும் ஒத்த வரத்தும் உடைய கண்மாய்கள் பல இங்குண்டு. அவற்றுள் சிலவற்றில் மரத்தை முற்றும் அகற்றி, சிலவற்றில் பாதி அகற்றி, சிலவற்றை அப்படியே விட்டு, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை ஐந்தாறு பருவங்கள் தொடர்ந்து குறித்து வரலாம். எந்தக் கண்மாய்க்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தெரிவு செய்தால், விருப்பு வெறுப்புக்கு இடமிராது. அளவுகோலும் கயிறும் குறிப்பேடும் போதும். மேனிலைப் பள்ளி மாணவரே செய்யத்தக்க பணி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், முதல் அளவீட்டைச் செப்டம்பர் இறுதிக்குள் எடுத்துவிட வேண்டும்.